கும்பினித் துரையின் முகம்

உறையூர்ச் சுருட்டுக்கு நல்ல பெயர் உண்டு, ஐயா. நான் சுற்றும் சுருட்டு பாதியில் அணையாது. துரைக்கு வைப்பதும் என் கையால் சுற்றியதுதான்.

உங்கள் மேசைமேல் இருக்கும் படத்தைத்தான் துரை என்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் தந்தத் தகட்டில் வண்ணத்தால் தீட்டியது, சுற்றிலும் பித்தளைச் சட்டம். மேலே இருந்த கண்ணாடி எப்போதோ உடைந்துவிட்டது. கும்பினிக்காக இங்கே துணி கொள்முதல் பார்த்தவர் அவர். என் பாட்டனின் அப்பா அவரிடம் சமையல்காரர். துரை காய்ச்சலில் செத்தபோது படம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கொடுத்ததா, எடுத்ததா என்று யாரும் கேட்டதில்லை. அந்த வருஷமே வீட்டில் இரண்டு பிள்ளைகள் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகுதான் வெள்ளிக்கிழமைதோறும் சுருட்டும் சாராயமும் வைக்கத் தொடங்கினார்கள்.

அப்பா சுருட்டுப் புகையைக் காட்டிவிட்டு உடனே படம் இருந்த பெட்டியை மூடிவிடுவார். முகத்தைப் பார்க்கமாட்டார். முப்பத்து நான்காம் வருஷம் அவர் காலமானதும் பெட்டி என்னிடம் வந்தது. எனக்கும் பயம்தான். பயப்படுகிறவன் குறை வைக்கக்கூடாது. சாமிக்குச் செய்வதையெல்லாம் துரைக்கும் செய்தேன். ஈரத்துணியால் முகம் துடைத்துப் பொட்டு வைத்தேன். துணியைப் பிழிந்த தண்ணீரைத் தீர்த்தமாக என் மனைவி மயிலம்மாளுக்குக் கொடுத்தேன். அது லேசாகச் சிவந்திருக்கும். துரை மனம் இரங்கிவிட்டார் என்று துணியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

மயிலம்மாள் வாய்த்துடுக்கு உள்ளவள். “உங்க துரை சுருட்டைத் தொட்டு நான் பார்த்ததில்லைங்க. மிச்சத்தைக் குடிக்கிற துரையைத்தான் எனக்குத் தெரியும்” என்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

இந்த மாசியில் துரையின் கன்னத்துச் சிவப்பு காணாமல் போனது. பங்குனியில் வாய் போனது. பெட்டியின் சாவி என் அரைஞாணில் இருந்தது. குளிக்கும்போதும் அவிழ்ப்பதில்லை. என்னைத் தவிர யாரும் படத்தைத் தொட்டிருக்க முடியாது. ஆகவே துரை தாமாகத்தான் இறங்கிப் போகிறார். எங்கே போகிறார் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதே நாட்களில் மயிலம்மாள் வெளுத்துக்கொண்டே வந்தாள். சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. “மசக்கையா இருக்கும்ண்ணே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அப்புறம் எனக்கு மிட்டாய் வாங்கிக் குடுங்க” என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லக்கண்ணு. அந்த வெளுப்பு துரையின் முகத்தில் நான் பார்த்த வெளுப்பு. படத்தில் கண்கள் மட்டும் மிஞ்சியிருந்த வாரம், மயிலம்மாள் சுவரோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க என்னை அப்படிப் பார்க்கிறீங்க? பயமா இருக்குங்க. லால்குடியில எங்கம்மாகிட்ட கொண்டுபோய் விட்டுடுங்க.”

அவளுக்குள் இறங்கிய துரை எங்களை விட்டுப் போகப் பார்க்கிறார் என்று புரிந்தது. சரி என்றேன்.

பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்தோம். கொள்ளிடத்தில் குளித்துவிட்டுப் போகலாம் என்றேன். ஆடித் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. துணிமூட்டையைக் கரையில் வைத்துவிட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். துரை திரும்பி வர ஓர் இடம் வேண்டுமே என்று படத்தை மடியில் கட்டியிருந்தேன். அவள் தலையை அமுக்கும்போது எனக்குக் கோபம் இல்லை. வெள்ளிக்கிழமை துரைக்கு முகம் துடைக்கிற பதத்தில்தான் பிடித்திருந்தேன். அவள் என் அரைஞாணைப் பற்றி இழுத்தாள். அது அறுந்தது. சாவி ஆற்றில்தான் கிடக்கும். பிறகு அவள் இழுக்கவில்லை.

கரையேறிப் படத்தை எடுத்துப் பார்த்தேன். கண்களும் இல்லை. வெறும் தகடு. துரை அவளிடமும் இல்லை, படத்திலும் இல்லை. எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் அந்த வீட்டில் எப்படி இருப்பது? அதனால்தான் நேராக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மயிலம்மாளைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை. படத்தின்மேல் ஆற்று மணல் ஒட்டியிருக்கிறது. அதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள், ஐயா. ஓர் ஈரத்துணியும் வேண்டும்.