ஆறாவது கியர்

அந்தமானில், சாத்தம் துறையிலிருந்து பாம்பூஃப்ளாட் செல்லும் வாகனப் படகில், நான் மனத்துள் ஓதிக்கொண்டிருந்த பதிகம் பாதியில் நின்றது. அருகே, புத்தம்புதிய பெரிய டூரிங் பைக்கை இரு கைகளாலும் அணைத்து நின்ற ஒருவர் தம் மனைவியிடம் கூறிய சொல்லே அதற்குக் காரணம்.

“ஆறாவது கியர் போடலாம்னு நினைக்கிறப்பவே கடல் வந்துடுது, மெஹரு!”

“அது தெரிஞ்சுதானே மெயின்லேண்டுலேர்ந்து கப்பல்ல வரவழைச்சீங்க?”

“சிப்பிகாட் வளைவுல சாய்ச்சா ஏக்தம், அப்படியே பாய்ல படுத்தாப்ல இருக்கு!”

“இன்னிக்குத்தான் நான் ஏறப்போறேன். இடுப்பு வலிச்சா வண்டியத் திருப்பிக் கப்பல்ல ஏத்திடணும். வாக்குக் குடுத்திருக்கீங்க.”

“ஞாபகம் இருக்கும்மா. உன்னைப் பூ மாதிரி கொண்டுபோறேன்.”

மாலையில் திரும்பும் படகிலும் அவர்கள் அருகே நிற்கும் பேறு இறையருளால் வாய்த்தது. அவர் முகமோ தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனுடையதாக இருந்தது.

“இடுப்பு எப்படிம்மா?”

“இடுப்புக்கு ஒண்ணுமில்ல. போறப்பவும் வர்றப்பவும் மூணாவது கியர்லயே உருட்டுனீங்களே, அதுக்கு நம்ம பழைய ஸ்கூட்டர் பத்தாதா?”

“அப்ப வண்டி…?”

“இருக்கட்டும். நாளைக்குக் காலைல ரோடு காலியா இருக்கும், ஆறாவதப் போடுங்க. கடல் வந்தா நான் சொல்றேன்.”