கண்ணாடியை உடைத்தது என் முதுகு

பெரம்பலூர் காவல் நிலையத்தில் 14.10.2002 திங்கட்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு நான் சொல்லச் சொல்ல ஏட்டையா எழுதிக்கொண்டது:

என் பெயர் பூமாலை. தகப்பனார் பெயர் ஆண்டவர், காலமாகிவிட்டார். எனக்கு வயது நாற்பத்தாறு. பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரமாகக் குடியிருந்து, ரேடியோ செட் வாடகைக்கு விடும் தொழில் செய்து வருகிறேன். நான் மைக்கைப் பிடித்து ஒரு முறை கனைத்தால் திருச்சிக்குப் போகிற லாரிகள் எல்லாம் பிரேக் போடும். இது வழக்குக்குத் தேவையில்லை என்று ஏட்டையா சொன்னார். தேவை. நான் ஊரறிந்த ஆளாக இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்பதையும் இங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்த வழக்கில் இறந்தவரும் நான்தான், முதல் எதிரியும் நான்தான்.

என் மனைவி பெயர் ஆண்டாயி. சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம் செந்துறை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். குழந்தை இல்லை. ஏட்டையா கேட்டதால் சொல்கிறேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில் ஆன்லைன் லாட்டரிக் கடை ஒன்று இருக்கிறது. எண்ணைச் சொன்னால் கம்ப்யூட்டர் அப்போதே சீட்டு அடித்துக் கொடுக்கும். அரை மணிக்கு ஒரு தரம் டி.வி.யில் குலுக்கல் வரும். பழைய லாட்டரி என்றால் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் மனிதனாக நடமாடலாம். இதில் அரை மணி நேரம்கூட மனிதனாக இருக்க முடியாது. போன தையிலிருந்து நான் அந்தக் கடையில் உட்கார்ந்த நேரத்துக்கு, அந்த பெஞ்சிலிருந்தே எனக்கு வேர் இறங்கியிருக்க வேண்டும்.

அதன் பிறகு 25.8.2002 ஞாயிற்றுக்கிழமை, என் தங்கை சிந்தாமணியின் மகளுக்குச் செட்டிகுளம் முருகன் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான். பிள்ளையை என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். புது வேட்டியின் கஞ்சி பிள்ளையின் தொடையில் உறுத்தும் என்று என் மனைவி அதை மூன்று தரம் துவைத்து மெதுவாக்கியிருந்தார். நான் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, மாலை வாங்கி வருகிறேன் என்று காலை ஏழு மணிக்குப் பெரம்பலூர் வந்தேன். மாலைக்கடைக்கு அடுத்த கடை மேற்படி லாட்டரிக் கடை. நான் செட்டிகுளம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. நல்ல நேரம் பத்தரையோடு முடிந்துவிட்டதால் மாமன் முறையாகிற அரும்பாவூர்க்காரர் ஒருவரின் மடியில் வைத்துக் குத்திவிட்டிருந்தார்கள். பிள்ளை அழுது ஓய்ந்து, காது வீங்கித் தூங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி கொண்டு வந்த பையோடு அப்படியே செந்துறை பஸ் ஏறிவிட்டார். இந்த வருடம் அரசாங்கம் ஒரே உத்தரவில் அரியலூர் மாவட்டம் முழுவதையும் திரும்பக் கொண்டுவந்து பெரம்பலூரோடு சேர்த்துவிட்டது. என்னால் அங்கிருந்து ஒரு ஆண்டாயியைக் கொண்டுவர முடியவில்லை. ஆறு மாதம் லாட்டரிச் சீட்டைத் தொடாமல் இருந்தால்தான் வருவேன் என்று சிந்தாமணியிடம் சொல்லி அனுப்பினார்.

அதன் பிறகு, மறுநாளே, நான் மேற்படி கடைக்குப் போய் அங்கே கம்ப்யூட்டரில் சீட்டு அடிக்கும் மணிமொழி என்ற பெண்ணிடம் என் போட்டோவையும் ஒரு கடிதத்தையும் கொடுத்தேன். 26.8.2002 முதல் 25.2.2003 வரை எனக்குச் சீட்டு விற்கக் கூடாது, நான் கெஞ்சினாலும் மிரட்டினாலும் மயங்கி விழுந்தாலும் விற்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். உலகத்தில் எவனாவது தன் மேல் தானே தடையுத்தரவு வாங்கியிருக்கிறானா? நான் வாங்கினேன். மணிமொழி அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

"கால்ல விழுந்தாலும் கொடுக்க மாட்டேண்ணே. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"விழுந்தா மிதிச்சுட்டுப் போ தாயி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு முப்பத்திரண்டு நாள் நான் இருந்த இருப்பைச் சொன்னால் ஏட்டையா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவார். முப்பத்து மூன்றாம் நாள் போய் ஒரே ஒரு சீட்டு கேட்டேன். மணிமொழி மேசைக் கண்ணாடியைத் தூக்கி, கடிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்து, "படிங்கண்ணே, சத்தமா" என்றார். படித்தேன். கடையிலிருந்த பதினோரு பேரும் கேட்டார்கள். இந்த ஜில்லாவில் நேர்மையான ஆள் ஒருவரைத் தேடித் துப்பறியும் நாய் கிளம்பினால் அது நேராக லாட்டரிக் கடையில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? உடனே வேறொரு கடைக்குப் போய் வாங்கினேன். அங்கே என் போட்டோ இல்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரில் இப்படி ஐந்து கடை. ஐந்துக்கும் கடிதம் எழுதக் கை வலிக்கும் என்பதால், என் படத்தோடு போஸ்டர் அடித்து எல்லாக் கடையிலும் ஒட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அதன் பிறகு என் சிநேகிதர், லெப்பைக்குடிகாட்டுக்காரர் நைனா முகமது பெரம்பலூரில் நடத்தும் அச்சகத்துக்குப் போனேன். விஷயத்தை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'என் உயிரினும் மேலான பெரம்பலூர்ப் பெருங்குடி மக்களே' என்று ஆரம்பித்திருந்தேன். அவர் நான்கு பக்கத்தையும் சுருக்காமல் எறும்பு எழுத்தில் அடியில் அடைத்துவிட்டார். மேலே என் படம் பெரிதாக. படத்துக்கு அடியில் இந்தப் பக்கம் 26.8.2002, அந்தப் பக்கம் 25.2.2003. சுற்றிலும் கறுப்புக் கட்டம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

"என்ன பாய் இது? எளவு போஸ்டர் மாதிரி இருக்கு?" என்று கேட்டேன்.

"போட்டோ போட்டு அடிக்கிறதுன்னா நம்மகிட்ட ரெண்டே டிசைனு தாண்ணே. ஒண்ணு கல்யாணம், ஒண்ணு மௌத்து. கல்யாண டிசைனுக்கு ரெண்டு போட்டோ வேணும். உங்க வூட்டுல செந்துறைக்குப் போயிட்டாங்களே?"

வாங்கிக்கொண்டு வந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை ஐந்து கடையிலும் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் என் கையாலேயே பசை தடவி ஒட்டினேன்.

அதன் பிறகு இன்று காலை எழுந்ததிலிருந்து எனக்குச் சீட்டு ஞாபகமாகவே இருந்தது. நான் பூட்டிய பூட்டை நானே உடைக்கக் கிளம்பினேன் என்று எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. போஸ்டரில் இருப்பது மீசை வைத்த பூமாலை. ஆகவே சலூனுக்குப் போய் மீசையை எடுத்தேன். இருபத்தைந்து வருட மீசை. வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டியிருக்கக் கூடாத மீசை. சலூன்காரர் இரண்டு தரம் நிஜமாகவா என்று கேட்டார். பிறகு பஸ் ஏறிப் பத்து மணிக்கு மணிமொழியிடம் போய், போஸ்டரில் இருப்பவர் என் அண்ணன், நான் அவருடைய தம்பி, எனக்கு ஒரு சீட்டு வேண்டும் என்று சொன்னேன்.

மணிமொழி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படிங்களா? ரொம்ப சந்தோசம். உங்க போட்டோவும் ஒண்ணு கொடுங்க, அண்ணன் பக்கத்துலயே ஒட்டிடறேன்" என்றார்.

அப்போது பக்கத்தில் நின்ற செந்துறை பஸ் கண்டக்டர் ஒருவர், பெயர் தெரியாது, வாசலில் போஸ்டரைப் பார்த்தார், பிறகு என் வெறும் மூக்குக்கடியைப் பார்த்தார். சாவு வீட்டில் மீசை எடுப்பது ஊர் வழக்கம் என்பது அந்த நொடிவரை எனக்கு உறைக்கவில்லை.

"பாடாலூர் ரேடியோ செட்டு பூமாலையா? நம்ம அறிவரசனோட மச்சானாச்சே! நீங்க கூடப்பொறந்தவரா?" என்று கேட்டார். அறிவரசன் என் மனைவியின் அண்ணன், செந்துறையில் உரக்கடை வைத்திருக்கிறார்.

ஆமாம் என்றேன். மணிமொழி முன்னால் வேறு என்ன சொல்வது?

"எப்பங்க?"

"காலையிலதான்."

நான் தம்பியானது காலையில்தான். அதைத்தான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு மற்ற நான்கு கடைக்கும் போனேன். நான்கிலும் போஸ்டரைக் காட்டித் துக்கம் விசாரித்தார்களே ஒழிய ஒருவரும் சீட்டு கொடுக்கவில்லை. எளவு வீட்டுக்காரன் லாட்டரி வாங்கலாமா என்று ஒருவர் அதட்டினார். ஒரு டீக்கடையில் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். என் சாவுக்கு நானே இரண்டு டீ குடித்தேன். மூன்று மணி சுமாருக்கு, கையில் பத்து ரூபாய்த் தாளோடு, திரும்பவும் மணிமொழியிடம் வந்து நின்றேன்.

அதன் பிறகு, கண்டக்டர் கொண்டுபோன சேதியைக் கேட்டு, செந்துறையிலிருந்து ஒரு வேன் வந்தது. மாலை வாங்குவதற்காக பஸ் ஸ்டாண்டு எதிரில் நிறுத்தியிருக்கிறார்கள். கடைக்காரர் புகாரில் எழுதியிருப்பது போல முப்பது பேர் கொண்ட கலகக் கும்பல் இல்லை. பதினேழு பேர், அதில் நான்கு பேர் அழவே இல்லை. என் மனைவி மாலையோடு வந்தவர் கடை வாசலில் போஸ்டரைப் பார்த்துவிட்டு, என் படத்தின் மேல் தலையை முட்டிக்கொண்டு அழுதார். நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, மூன்றடி தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஒப்பாரியில் சொன்னதில் இரண்டு வரி மட்டும் எழுதிக்கொள்ளலாம்:

"மூணு தரம் தொவச்சேனே அந்த வேட்டிய, என் ராசா... புள்ளைக்கு மடி கொடுக்கத்தானே கூப்புட்டேன், மண்ணுக்குள்ள போவவா சொன்னேன்!"

மணிமொழி என்னைப் பார்த்து, "போங்கண்ணே, வெளியில போயி நில்லுங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன். அழுகை நின்றது. பஸ் ஸ்டாண்டில் ஹாரன்கூட நின்றுவிட்டது என்று சொல்வேன், ஏட்டையா அதை எழுத மறுக்கிறார். என் மனைவி முதலில் என் முகத்தைப் பார்த்தார். "உசுரோடதான் இருக்கியா" என்றார். அடுத்து மீசை இருந்த இடத்தைப் பார்த்தார். அடுத்து என் கையிலிருந்த பத்து ரூபாயைப் பார்த்தார். அதன் பிறகு மாலையை எறிந்தார். தண்ணீர் தெளித்த ஆளுயர ரோஜா மாலை. அது என் நெஞ்சில் விழ, நான் பின்னால் போய்க் கதவில் சாய, கண்ணாடி மேலிருந்து கீழாக விரிந்து உதிர்ந்தது.

கடைக்காரர் என் மனைவி கண்ணாடியை உடைத்ததாகப் புகார் கொடுத்திருக்கிறார். அது பொய். மாலை கண்ணாடியைத் தொடவே இல்லை. கண்ணாடியை உடைத்தது என் முதுகு. முதுகுக்கு நானே பொறுப்பு. புதுக் கண்ணாடியை நானே போட்டுக் கொடுக்கிறேன். ஆண்டாயியின் பெயரைப் புகாரிலிருந்து எடுத்துவிட வேண்டும். உள்ளே டி.வி.யில் அப்போதும் குலுக்கல் ஓடிக்கொண்டிருந்தது. என்ன எண் விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. யாருக்காவது தெரிந்திருந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம்.

சம்பவ இடத்தில் கைப்பற்றிய பொருள்களில் ஜவுளிக்கடைப் பையில் ஒரு சேலை இருக்கிறது. தாலி அறுத்த தங்கைக்குக் கோடி போட என்று அறிவரசன் வழியில் வாங்கி வந்தது. அதை நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை, யாரும் கேட்க மாட்டார்கள். நிலையத்தாரே ஏதாவது செய்துகொள்ளலாம்.

அதன் பிறகு சப்-இன்ஸ்பெக்டர் என் மனைவியைக் கூப்பிட்டு, செந்துறைக்குப் போகிறீர்களா, பாடாலூருக்கா என்று கேட்டார். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"ஆறு மாசத்த இன்னையிலேர்ந்து திரும்ப எண்ணச் சொல்லுங்க சார். நான் பாடாலூர்லயே இருந்து பாத்துக்கறேன். செந்துறையிலேர்ந்து பாத்தா மீசை இருக்கா இல்லையான்னு தெரிய மாட்டேங்குது."

இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை மேற்படி கடைக்குக் கொடுக்க வேண்டும். அதோடு, இன்று நிலையத்தில் மீசை இல்லாமல் எடுத்த என் போட்டோவையும் மீசையோடு இருக்கும் பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்ல வேண்டும். எனக்கு இனிமேல் தம்பி கிடையாது.

ஏட்டையா படித்துக் காட்டினார், கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. என் மனைவி இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். இரண்டாம் தரமும் அப்படியே இருந்தது. நடந்தது இதுதான்.

ஆ. பூமாலை
(உயிருடன்)

உடனிருந்து கேட்டவர்: பூ. ஆண்டாயி, இடது பெருவிரல் ரேகை