கடல் பார்த்த வீடும் ஒரு ஜோடித் தோடும்

ஜூலை 17, வியாழன்.

இன்றைய பிழை: மதியத் தேநீருக்கு ஒரு கிண்ணம் குறைவாக வைத்துவிட்டேன். எண்ணும்போது என்னைச் சேர்க்க மறந்துபோனேன்.

தினமும் ஒரு பிழையை எழுத வேண்டும், பிறகு அதன் காரணம், பிறகு திருத்தம், கடைசியில் நாளைய வேலை என்று மாலை வகுப்பில் தமாரா டீச்சர் சொல்லியிருக்கிறார். விருந்தினர் சேவைத் தொழிலில் முன்னேற அதைவிட நல்ல வழி கிடையாதாம். வகுப்பில் மற்றவர்கள் வாசற்படியில் நின்றுகொண்டு ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது சரிப்படாது. ஒரு பிழையை எழுதினால் அதன் வேர் வரை தோண்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. கிண்ணப் பிழையின் வேரைத் தோண்டினால் போன சனிக்கிழமைக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே அங்கிருந்தே சொல்கிறேன், டீச்சர்.

நான் பார்த்துக்கொள்ளும் வீடு என் அத்தை குல்பாஷுடையது. அத்தை ஷெத்பேயில் இருக்கிறார். மாமா இறந்த பிறகு நகை எதுவும் அணிவதில்லை, சிரிப்பதும் குறைவு. அக்தாவில் இருக்கும் இந்த வீட்டைக் கோடையில் குடும்பங்களுக்கு வாரவாடகைக்கு விடுகிறார். விளம்பரத்தில் 'கடல் பார்த்த வீடு, வாசலில் இருந்து கூப்பிடு தூரத்தில் கரை' என்று இருக்கும். அந்தத் தூரம் பழைய தூரம். காஸ்பியன் கடல் வருஷா வருஷம் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு நான் பொறுப்பல்ல.

போன மாதம் ஒரு குடும்பத்துக்குத் தவறான சாவியைக் கொடுத்துவிட்டேன். அத்தை போனில் நிதானமாகச் சொன்னார்: "இன்னும் ஒரு தப்பு, ரௌஷான். அப்புறம் நீ பெய்னியூவுக்கு ரயில் ஏறிடு. உங்க அண்ணன் டயர் கடையில பஞ்சர் ஒட்ட ஆள் தேடிக்கிட்டிருக்கான்." பெய்னியூவில் மாலை வகுப்பு கிடையாது. மாலையே கிடையாது என்றுகூடச் சொல்லலாம். வெயில் முடிந்ததும் புழுதி.

இனி தப்பே செய்யக்கூடாது என்று முடிவெடுத்தேன். அந்த நிலையில்தான் அக்தோபேயிலிருந்து ஒருவர் போன் செய்து, சனிக்கிழமையிலிருந்து ஒரு வாரம் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார். ஒப்புக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அக்தோபேயிலிருந்து போன் வந்தது: சனிக்கிழமையிலிருந்து ஒரு வாரம், குடும்பத்தோடு. நான் எதையும் இரண்டு முறை உறுதி செய்துகொள்ளும் பழக்கமுள்ளவள். என்னைப் போலவே இன்னொரு ஒழுங்கான ஆள் உலகத்தில் இருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். அவரிடமும் சரி என்றேன்.

அவர் வேறு ஆள்.

சனிக்கிழமை காலையில் தொலெகென் அண்ணன் குடும்பம் வந்தது: அவர், மனைவி பிபினூர், மகன் தர்கான், அப்புறம் தொலெகெனின் அண்ணன் சபார் ஐயா. சபார் ஐயா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், பேச்சைவிடச் சாப்பாட்டில் ஆர்வமுள்ளவர். மதியம் இன்னொரு கார் வந்து நின்றது. அதிலிருந்து மக்சூத் அண்ணனும் அவர் மனைவி ஒரின்குலும் மகள் ஐனாஷும் பெட்டிகளோடு இறங்கினார்கள்.

பிபினூர் அக்கா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரும்மா இவங்க?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வீட்டுக்கார அத்தையோட சொந்தக்காரங்க" என்று வந்துவிட்டது.

பிறகு வாசலுக்குப் போனேன். ஒரின்குல் அக்கா, "உள்ள யாரோ இருக்காங்க போலிருக்கே" என்றார்.

"அத்தையோட சொந்தக்காரங்க அக்கா. பாத்துட்டுப் போக வந்திருக்காங்க."

அவ்வளவுதான் நான் செய்தது. மீதியை வழக்கம் செய்துகொண்டது. வந்த விருந்தாளியிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கிற பழக்கம் எங்கள் மக்களிடம் இல்லை. அப்படிக் கேட்பதைவிட வீட்டைக் கொளுத்திவிடலாம். தொலெகென் வீட்டார், வாடகைக்கு எடுத்த நாம்தான் இந்த வாரம் வீட்டுக்காரர்கள், வந்தவர்களை நாம்தான் உபசரிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். மக்சூத் வீட்டாரும் அதையேதான் நினைத்தார்கள்.

அன்று மாலையே உபசாரம் ஆரம்பித்துவிட்டது. பெரிய அறையில் வாசலுக்கு நேர் எதிரே, ஜன்னலடியில் இருப்பதுதான் கௌரவ இடம். அங்கே உட்காருகிறவருக்குக் கடல் முதுகுப் பக்கம். எதிரே உட்காருகிறவர்களுக்குத்தான் கடல் தெரியும்.

"நீங்க மேல உக்காருங்க அண்ணே," என்றார் மக்சூத்.

"எப்படிங்க, நீங்க இருக்கும்போது. நீங்க உக்காருங்க," என்றார் தொலெகென்.

"வயசுல பெரியவர் நீங்க."

"வயசு என்னங்க வயசு. எங்கண்ணனை உக்கார வைப்போம், அவருக்கு மேல யாரு."

இப்படியாக சபார் ஐயா தொடர்ந்து ஆறு நாள் செருப்பு அலமாரியைப் பார்த்தபடி சாப்பிட்டார். ஒருமுறை மெதுவாகக் கேட்டார், "இங்க கடல் எந்தப் பக்கம்மா?" நான் அவர் முதுகைக் காட்டினேன். தலையாட்டிவிட்டு இன்னொரு துண்டு இறைச்சி எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மக்சூத் அண்ணன் ஓர் ஆடு வாங்கி அறுத்தார். திங்கட்கிழமை தொலெகென் அண்ணன் அதைவிடப் பெரிய ஆடு வாங்கினார். செவ்வாய்க்கிழமை குதிரையையே அறுக்கலாம் என்று பேச்சு அடிபட்டது. இந்த இரண்டு ஆடுகளும் என் பிழையால் போனவை என்று டீச்சர் நினைக்கலாம். ஆனால் இறைச்சி வீணாகவில்லை. சபார் ஐயா இருந்தார்.

உண்மையில் நான் மனநிறைவோடு இருந்தேன். வீட்டில் இவ்வளவு மரியாதை இதற்கு முன் இருந்ததில்லை. ஒரே குளியலறைக்கு வெளியே இரண்டு குடும்பத்தலைவர்களும் துண்டோடு நின்று "நீங்க முதல்ல", "இல்ல நீங்க" என்று பேசிக்கொண்டே குளிக்காமல் இருந்த நாளும் உண்டு.

ஐனாஷ் இல்லையென்றால் வாரம் அப்படியே முடிந்திருக்கும். அந்தப் பெண் செப்டம்பரில் அல்மாத்தியில் நில அதிர்வு பற்றிப் படிக்கப் போகிறவள். எதையும் தட்டிப் பார்க்கிற புத்தி. செவ்வாய்க்கிழமை மாலை, படிக்கட்டில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த தர்கானிடம் அவள் கேட்டது என் காதில் விழுந்தது.

"நீங்க குல்பாஷ் அத்தைக்கு என்ன உறவு?"

தர்கான் விதைத் தோலைத் துப்பினான். "நீங்கதானே உறவு."

"யார் சொன்னது?"

"ரௌஷான் அக்கா."

"நல்லது. நீங்க விதையைச் சாப்பிடுங்க."

அடுத்த நிமிடம் அவள் சமையலறையில் என் முன்னால் நின்றாள். "அக்கா, ஒரே வீட்டை ரெண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்க. எங்கப்பா மூணு நாளா முதுகு வலியோட தரையில படுத்திருக்கார், 'பாவம், வீட்டுக்காரம்மா சொந்தம், கட்டில்ல அவங்க படுக்கட்டும்'னு. தர்கானோட அப்பாவும் தரையில படுத்திருக்கார். கட்டில் ரெண்டும் காலியா கிடக்கு."

அது எனக்குத் தெரியாது. விரிப்பு கசங்காமல் இருந்ததைப் பார்த்து, நல்ல பழக்கமுள்ள மனிதர்கள் என்று நினைத்திருந்தேன்.

"நாளைக்கு மதியச் சாப்பாட்டுல எல்லார் முன்னாலயும் கேக்கப் போறேன்," என்றாள். "அதுக்கு முன்னாடி நீங்களே சொன்னா மரியாதை."

அவள் கோபப்படவில்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. கோபக்காரர்களைத் தேநீர் கொடுத்து ஆற்றலாம். சரியாகப் பேசுகிறவர்களை என்ன செய்வது? படுக்கையில் கிடந்தபடி பெய்னியூவையும் டயர்களையும் நினைத்தேன். பிறகு முறைப்படி யோசித்தேன். எந்தப் பெண் எல்லார் முன்னாலும் குரல் உயர்த்திப் பேச மாட்டாள்? வருங்கால மாமனார் மாமியார் முன்னால் இருக்கிற பெண். எந்த இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று வாடகை பற்றிக் கேட்காது? சம்பந்திகள்.

புதன்கிழமை காலை பிபினூர் அக்கா மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கினேன்.

"ஐனாஷ் காதைப் பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேனே. ஒண்ணுமே போடலையே. ஏன்?"

"தெரியல. யாரோ வந்து போடணும்னு காத்திருக்காங்களோ என்னமோ. பொண்ணு வீட்டுக்காரங்க வாயைத் திறந்து கேப்பாங்களா, பாவம்."

பிபினூர் அக்காவின் குழவி நின்றது. பையனின் தாய் பெண்ணின் காதில் தோடு போட்டுவிட்டால் எங்கள் பக்கம் நிச்சயம் முடிந்தது என்று அர்த்தம். அவர் தன் காதிலிருந்த வெள்ளித் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தர்கான் ஒரு மாதிரி. தானா ஒரு பொண்ணைத் தேடிக்கிற சாமர்த்தியம் அவனுக்கு இல்ல," என்றார் தனக்குத்தானே.

"ஆடு எல்லாம் வெட்டினாங்களே அக்கா. சும்மாவா வெட்டுவாங்க," என்றேன்.

ஐனாஷின் காது ஏன் வெறுமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை கடலில் குளிக்கப் போகும்போது, தண்ணீரில் போய்விடும் என்று தோடுகளைக் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தாள். அவை என் கவுன் பையில் இருந்தன. திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன். புதன்கிழமை காலையில் நினைவு வந்தது. ஆனால் அப்போது கொடுத்தால் குழப்பம் என்று தோன்றியது.

மதியம் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஐனாஷ் எழுந்து தொண்டையைச் செருமி, "எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்," என்றாள். பிபினூர் அக்காவும் எழுந்தார். "சொல்ல வேணாம் கண்ணு, எங்களுக்கே தெரியும்," என்று அவளைக் கட்டிப்பிடித்து, இரண்டு காதிலும் தன் வெள்ளித் தோட்டை மாட்டிவிட்டார். ஒரின்குல் அக்கா அழுதார். மக்சூத் அண்ணன், "இதுக்காகத்தானா இவ்வளவு மரியாதை பண்ணீங்க சம்பந்தி," என்று தொலெகென் தோளில் முகம் புதைத்தார். மிட்டாய் வாரி இறைத்தார்கள். சபார் ஐயா ஆசி சொன்னார், வாயில் இறைச்சியோடு. தர்கான் மட்டும் என்ன நடந்தது என்று பக்கத்தில் கேட்டான். பக்கத்தில் ஐனாஷ்தான் இருந்தாள்.

அவள் சொல்லவில்லை. தலை குனிந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர். ஆனந்தக் கண்ணீர் என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு சமையலறைக்கு வந்து அவள் மெதுவாகச் சொன்னாள்: "காதுல தோடு போட வச்சு வாயில பூட்டு போட்டீங்களே அக்கா. நான் பூகம்பம் படிக்கணும்."

"கல்யாணத்துக்கப்புறமும் பூகம்பம் வரும்," என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

இனி இன்றைய தேநீர். வருங்கால மருமகள் என்பதால் ஐனாஷ்தான் ஊற்றினாள். ஒரு கிண்ணம் குறைந்ததைப் பார்த்து, தானே போய் இன்னொன்று எடுத்து வந்து, எனக்கு விளிம்பு வரை ததும்பத் ததும்ப ஊற்றிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் விருந்தாளிக்குப் பாதிக்கு மேல் ஊற்ற மாட்டார்கள். நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று பொருள். அவள் படித்த பெண், தாராள மனசு, பழைய வழக்கமெல்லாம் மறந்திருப்பாள்.

கிண்ணத்தை வைத்துவிட்டு என் காதருகே குனிந்து சொன்னாள்: "மாமியார் வீட்டார் முன்னாலதான் பேசக்கூடாது. போன்ல பேசலாம் இல்ல? குல்பாஷ் அத்தைக்கு விஷயம் சொல்லிட்டேன். 'எந்தச் சொந்தக்காரங்க?'ன்னு கேட்டாங்க. நாளைக்குக் காலை ரயில்ல வர்றாங்க."

கிண்ணத்தைக் கீழே வைக்காமல் முழுவதும் குடித்து முடித்தேன். சூடாக இருந்தது.

காரணம்: எண்ணும்போது என்னைச் சேர்த்துக்கொள்ளாதது. நான் எப்போதும் மற்றவர்களைப் பற்றியே யோசிப்பவள். அதுதான் என் குறை.

திருத்தம்: அத்தையைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன். இத்தனை வருஷமாகத் தனியாக இருக்கிறார். காதில் ஒன்றும் இல்லை. சபார் ஐயாவும் தனி ஆள், நல்ல பசி உள்ளவர், ஒரு வாரமாகக் கடலைப் பார்க்காமலே இருந்தும் ஒரு வார்த்தை குறை சொல்லாதவர். அத்தையைக் கௌரவ இடத்தில் அவர் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் முறை. அத்தையும் சம்பந்தி வீட்டு ஆளாகிவிட்டால் வாடகைப் பேச்சு எங்கிருந்து வரும்? ஐனாஷின் தோடுகள் இன்னும் என் கவுன் பையில்தான் இருக்கின்றன. பிபினூர் அக்கா கையால் அத்தை காதில் போட்டால் எடுப்பாக இருக்கும். ஐனாஷுக்கு அவை தன்னுடையவை என்று தெரியும். ஆனால் சொல்ல மாட்டாள். நல்ல மருமகள்.

நாளைய வேலை: காலையில் தோடுகளைப் பல்பொடி போட்டுத் துலக்க வேண்டும். கிண்ணம் ஒன்பது.