ரஞ்சிதத்தின் ஊசியும் ஆத்தாளின் காப்பும்

அவைக்குத் தலைமை தாங்கும் ஆலயத் தலைவர், கங்காணியார் தங்கையா அவர்களே, அன்னையின் அருகிருந்து அருச்சிக்கும் பூசாரியார் அவர்களே, ரிங்லெட்டிலிருந்து அண்டா நிறையத் தேநீரோடு ஏறி வந்திருக்கும் ஷஹாபுதீன் பாய் அவர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு குளிரையும் பாராமல் கூடியிருக்கும் தாய்மார்களே, தம்பிமார்களே, உங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வேலப்பனின் பணிவான வணக்கம்.

வாழ்த்திப் பேசத்தான் என்னை மேடை ஏற்றினார்கள். வாழ்த்து பிறகு வரும். வழக்கு ஒன்று இருக்கிறது. நாளை பால்குடம். இரண்டாம் லயத்து அம்மாக்கண்ணு தம் மகள் ரஞ்சிதத்துக்குக் காப்புக் கட்டியிருக்கிறார். காப்புக் கட்டிய உடம்பில் ஊசி படக்கூடாது என்று குழாயடியில் யாரோ தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இனிப்பு நீர் என்னும் சர்க்கரை வியாதிக்கு அன்றாடம் போடும் ஊசிக்கு இன்று மாலை அந்தப் பிள்ளை வரவில்லை. ஊசி நின்றால் உயிர் நிற்குமா? நிற்காது ஐயா, சில நாளில் போய்விடும்.

என்ன தம்பி அங்கே? "இனிப்பு நீர் கெழடுகளுக்குத்தானே வரும்லா" என்கிறாயா? நல்ல கேள்வி, உட்கார்ந்து கேள்.

போன மழைக்காலத்தில் லயம் லயமாய்ப் பொன்னுக்கு வீங்கி வந்ததே, மறந்துவிட்டீர்களா? கன்னம் வீங்காத பிள்ளை உண்டா? கழுத்தில் தங்கச் சங்கிலி போடாத பிள்ளை உண்டா? இல்லாத வீட்டுக்கு இரவல் கொடுத்தோம். வீக்கம் வடிந்தது, சங்கிலி திரும்பியது, விட்டது தொல்லை என்றிருந்தோம். சில மாதம் கழித்து ரஞ்சிதத்துக்கு அடங்காத தாகம், ஓயாத சிறுநீர், ஒட்டிப்போன உடம்பு. "உள்சூடு இன்னும் தணியல" என்று அம்மாக்கண்ணு பானகமும் டின்பாலுமாய் ஊற்றினார். பாசத்தில்தான் ஊற்றினார், பிள்ளை சுருண்டு விழுந்தாள். கொழுந்து லோரியில் போட்டுத் தாப்பா பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே டாக்டர் விளக்கினார். இரத்தத்து வெள்ளை அணுக்கள்தாம் நம் உடம்பைக் காவல் காக்கும் ஜாகா. கிருமி என்னும் கள்ளன் வந்தால் அடித்து விரட்டும். சில பிள்ளைகளுக்குக் கள்ளன் போன பிறகும் ஜாகாவின் கம்பு அடங்குவதில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களையே கள்ளனென்று எண்ணி அடித்து நொறுக்கிவிடும். கிருமிதான் கிளப்பிவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகம் பலமானது, ஆராய்கிறார்கள் என்றார். இன்சுலின் இல்லாவிட்டால் தின்ற சோறு உடம்பில் சேராது. அதைத்தான் ஊசியில் கொடுக்கிறோம். சாமி கோபமா இது? பெற்றவள் பாவமா இது? இல்லை, இல்லை, இல்லவே இல்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும், அவரையே கேட்கிறேன். நாளை உங்கள் மகன் இருளப்பன் அலகு குத்துகிறான். அவன் கையிலும் காப்புத்தானே? கன்னத்தில் இறங்குவதும் இரும்புதானே? நாக்கில் குத்தினால் நேர்த்தி, முதுகில் குத்தினால் பக்தி, ஒரு பிள்ளை உயிர் பிழைக்கத் தொடையில் குத்தினால் மட்டும் குற்றமா? சிரித்தால் போதாது தலைவரே, மைக்கில் சொல்லுங்கள்.

கேட்டீர்களா? "போடச் சொல்லுய்யா, நான் எங்க வேணான்னேன்" என்கிறார். பூசாரியாரும் தலையாட்டுகிறார். விரதமென்று பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். ஊசி போட்டால் வேளைக்குச் சோறு வேண்டும்.

தூணோரம் நிற்கும் அம்மாக்கண்ணு, முந்தானையால் முகத்தை மூடாதீர்கள் தாயே. ஊசியைக் கண்டாலே வாசலுக்குப் போய் நின்றுகொள்வீர்கள், தெரியும். என்ன சொல்கிறீர்கள்? சபைக்கும் கேட்கட்டும், நான் திருப்பிச் சொல்கிறேன். "நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரி தெறக்கறதுக்குள்ள கொடம் கெளம்பிரும் டிரசரய்யா. எனக்குக் கத்துக் குடுங்க. எம் புள்ளைக்கு நானே போடுறேன்."

சபையோரே, என் நெஞ்சு நிறைந்துவிட்டது; வாழ்த்தை யாராவது பேசிக்கொள்ளுங்கள். பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். தாயே, பிள்ளையை அழைத்து வாருங்கள். மாலை ஊசி இன்னும் பாக்கி, உங்கள் கையாலேயே போடலாம்.