ஜவாஹிர் ஹாஜியாரின் படிக்கட்டு

எங்கள் மியூசியத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிவறை எங்கே என்றுதான், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு அதில் வருத்தமில்லை. நாவுலயிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வருகிற பிள்ளைகள் வேறென்ன கேட்பார்கள்? போய்விட்டு வந்து பீங்கான் தட்டுகளை வாய் பிளந்து பார்ப்பார்கள். அப்போது என் முகத்தில் வரும் பெருமையை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஜவாஹிர் ஹாஜியார் ஏலக்காய் வியாபாரி. தட்டு, சரவிளக்கு, தந்தப் பெட்டி என்று மாத்தளை வீட்டை நிரப்பி வைத்திருந்தார். எல்கடுவ தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து வேலைக்கு வந்த நான் பத்தொன்பது வருடம் அவற்றைத் துடைத்தேன். பலகைத் தரையில் கீறல் விழக்கூடாதென்று அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். வீட்டுக்குள் எல்லோரும் காலுறையோடுதான் நடக்க வேண்டும். அவருக்கும் விலக்கில்லை. எனக்கு மட்டும் வெறுங்கால். காலுறை போட்டால் கூச்சமாக இருக்கிறது என்றேன், சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

போன வருடம் மகள் றிப்னா வந்து, தனியாக இருக்க வேண்டாம், சாமான்களோடு கொழும்புக்கு வாங்க வாப்பா என்றார். அவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். அடுக்குமாடியில் அந்தச் சரவிளக்கை எங்கே தொங்கவிடுவார்கள்? தட்டில் நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

லொறி வரவேண்டிய காலையில் மேல்படி மூன்றுக்கும் மெழுகு போட்டு, தேங்காய் மட்டையால் நன்றாகத் தேய்த்தேன். என்ன பளபளப்பு தெரியுமா? ஹாஜியார் தட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிப்பக்கம் வந்தார்.

“பெட்டிய எங்கிட்ட குடுங்க மொதலாளி.”

“நீ ஈக்கிற வரைக்கும் எனக்கென்ன பயம், கமலாட்சி.”

வாங்கி இடுப்பில் அணைத்துக்கொண்டு, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி, வெறுங்காலால் ஒவ்வொரு படியாக இறங்கினேன். பெட்டியைக் கீழே பத்திரமாக வைத்தேன். பிறகு நிமிர்ந்து, “இப்ப வாங்க” என்றேன். வந்தார்.

வயதான மனிதர், காலுறை, படிக்கட்டு, யாரும் சந்தேகப்படவில்லை. அன்றைக்கே, பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கிவிட்டார்கள். றிப்னா வாப்பாவின் நினைவாக எல்லாவற்றையும் இங்கேயே விட்டு, வீட்டை மியூசியமாக்கி, சாவியை என் கையில் கொடுத்து அழுதார். நானும் அழுதேன், உண்மையாகத்தான். அவ்வளவு நல்ல மனிதர்.

படியை மெழுகியது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஆனால் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. கொழும்புக்குப் போகவிடவில்லை என்று எழுதுங்கள்.