பதினோராவது ஏரி

...இல்ல சார், ஒரு நிமிஷம், டிக்கெட்டை அப்புறம் கிழிக்கலாம். பத்து ஏரி சார். பத்து ஞாயித்துக்கிழமை. இந்த ஊரைச் சுத்தி எத்தனை ஏரி இருக்கோ அத்தனையிலயும் கால் நனைச்சாச்சு, இன்னும் ஒரு படகுல உக்காரல. ஏன்னு கேளுங்க. சரி, கேக்க வேண்டாம், நானே சொல்றேன்.

நான் பைப் கம்பெனியில குவாலிட்டி செக்கிங். இருவது வருஷமா ஒரு பைப்பைக்கூட ஊதிப் பாக்காம வெளிய விட்டதில்ல. அப்படிப்பட்டவன் பெத்த பிள்ளைங்களைக் கொண்டுபோய் முன்னப்பின்ன தெரியாத தண்ணியில இறக்குவேனா? அதான் ஒரு நோட்டு போட்டேன். ஏரிக்கு நூறு மார்க். காத்துக்கு இருவது, பாசிக்கு இருவது, பார்க்கிங் நிழலுக்குப் பதினஞ்சு, பாத்ரூமுக்குப் பதினஞ்சு... மீதி பொது ஒழுக்கம். சிரிக்காதீங்க சார்.

முதல் வாரம் பைபாஸ் பக்கத்துல இருக்கிற பெரிய ஏரி. எம்பத்தி மூணு மார்க், நல்ல ஏரிதான். ஆனா மூணு மணிக்கு நிழல் நகந்து பக்கத்து வண்டிக்குப் போயிடுச்சு. வேண்டாம்னு வந்துட்டோம். அடுத்தது குவாரி ஏரி. டென்னிஸ் பந்தைத் தண்ணியில போட்டு, காத்து அதை எந்தப் பக்கம் ஒதுக்குதுன்னு வாட்ச்சைப் பாத்துக்கிட்டே உக்காந்தேன். பந்து போனது போனதுதான். சின்னவன் ஒரே அழுகை, அவன் பந்து. மூணாவது ஏரியில ஒரு வாத்து சார்... என்னையே முறைச்சுது. ஒழுக்கத்துல பூஜ்யம் போட்டுட்டேன்.

பெரியவ ஒவ்வொரு வாரமும் கேப்பா, "இன்னைக்கே ஏறிடலாமேப்பா"ன்னு. செக்கிங் வேற, சவாரி வேற, ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணா ரிப்போர்ட் சுத்தமா வராதும்மான்னு பொறுமையா எடுத்துச் சொல்லுவேன். வீட்டுக்காரியும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தா. போன வாரம் சாப்பாட்டுத் தட்டை டொக்குனு வச்சுட்டுச் சொல்லிட்டா: "பத்து வாரமா தண்ணியப் பாத்துட்டு வீட்டுக்கு வந்து குளிக்கிறோம். பதினொண்ணாவது ஏரியிலயும் ஏறலைன்னா, இனிமே பிள்ளைங்களை என் தம்பி கூட்டிட்டுப் போவான்."

தம்பின்னா என் மச்சான். அவனுக்கு ஏரி பாக்கத் தெரியுமா? ரோடு எங்க முடியுதோ அங்க வண்டிய நிறுத்துவான், "வாங்கடா"ன்னு குதிப்பான். என் பிள்ளைங்க அவன் தோள்லயே தொங்கும். உண்மையைச் சொல்லிடறேனே, எனக்கு வயித்தெரிச்சல் சார். பிள்ளைங்க முதல்முதலா படகுல ஏறும்போது பக்கத்துல நான் இருக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடும். இன்னைக்கும் வந்திருக்கான் பாருங்க, எங்க பின்னாடியே பைக்குல, நான் கோட்டை விடறதை வேடிக்கை பாக்க.

விடுவேனா? இன்னைக்கு ஏறியே தீரணும். சின்னச் சின்ன சந்தேகம்தான், தீத்து வச்சிடுங்க. லைஃப் ஜாக்கெட்டை எத்தனை நாளைக்கு ஒரு தடவை துவைப்பீங்க? வெயில்ல காயப்போடுவீங்களா, நிழல்லயா? சரி, நடு ஏரியில ஆழம் எவ்வளவு? யாரு அளந்தது? அவரு உயரம் எவ்வளவு? பரவாயில்ல, யோசிச்சே சொல்லுங்க. கடைசிப் படகு அஞ்சு மணிக்குத்தானே. இப்ப... அஞ்சு அடிச்சாச்சா? நான் வந்தப்ப நாலே கால் சார். உங்க கடிகாரத்தை யாராவது செக் பண்ணாங்களா?

எங்க எட்டிப் பாக்கறீங்க? ஓ, அந்தப் படகா. அழகாப் போகுதில்ல? கனமான ஆளை நடுவுல உக்கார வச்சு, பிள்ளைங்களை ரெண்டு பக்கமும் சரிசமமா வச்சு... அந்தக் குடும்பத் தலைவருக்கு நூத்துக்கு நூறு குடுக்கலாம். இப்படியில்ல கூட்டிட்டு வரணும். அந்தச் சின்னப் பையன் சட்டைகூட எங்க சின்னவன் சட்டை மாதிரியே...

சார்.

நடுவுல இருக்கிறது என் மச்சான் சார்.

எப்ப குடுத்தீங்க டிக்கெட்டு? அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாவா? நான் ஜாக்கெட் துவைக்கிறதைக் கேட்டுக்கிட்டிருந்தப்பவா? என் வீட்டுக்காரி என்ன சொன்னா... "அவரு பாட்டுக்குப் பேசட்டும், நிறுத்தாதீங்க"ன்னா? அதுதான் கடைசிப் படகா?

சரி... சரி விடுங்க. கையாட்டறாங்க பாருங்க, நாலு பேரும். என்ன இருந்தாலும் என்னை விட்டுட்டுப் போக மனசு வருமா அதுங்களுக்கு...

ஏன் சார் நீங்க திருப்பி ஆட்டறீங்க?