பேர் கற்றுக்கொடுக்கும் குழந்தை

எண்ணூரிலிருந்து ராயபுரம் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் மீன் வாங்கப் போகும் இரண்டு பெண்கள். காலடியில் வெற்றுக் கூடைகள். இளையவள் மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, கண்ணில் பட்டதையெல்லாம் காட்டி "இது இன்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. கண்டக்டரின் விசில், ஜன்னல் கம்பி, என் கையிலிருந்த வரைபடச் சுருள்.

"இதுக்கு வாய் ஓயாதாடி ஸ்டெல்லா?" என்றாள் மூத்தவள்.

"கேக்கறது பரவால்லக்கா. கத்துகினதெல்லாம் வூட்டு மூலைல குந்திகினு யாருக்கோ சொல்லிக் குடுக்குது."

"பொம்மைக்கா இருக்கும்."

"பொம்ம ஏது? வெறும் செவுரு. 'இது சொம்பு, இது அடுப்பு'ன்னு காட்டும். அப்பால பதில் கேட்டுக்கற மாதிரி தலைய ஆட்டும்."

"எம் பையன்கூட பூனையாண்ட பேசுவான். போவியா!"

"முந்தாநேத்து என்னைக் காட்டி எம் பேர சொல்லிச்சுக்கா."

மூத்தவள் சிரித்தாள். "பேருதானே? அதுக்கின்னா?"

"இன்னிக்குக் காலீல அவுரு கடலுக்குப் பூட்டாரு. இது தூங்கிகினு கீது. செவுத்தாண்டேந்து 'ஸ்டெல்லா'ன்னு ஒரு கொரலு."

சிரிப்பு நின்றது. "எத்தினி தபா?"

"ஒரே தபா."

"மூணு தபா கூப்ட்டாத்தான் மனுசன். அதுவரிக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு தெரியும்ல?"

"தெரியும்க்கா. சோறு வடிச்சுகினு இருந்தேன். நெனப்பில்லாம 'தோ வரேன்'னுட்டேன்."

ராயபுரத்தில் இறங்கும்போது மூத்தவள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தோளைத் தொட்டாள்.